ஒழுகும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுருக்க அறிக்கையைக் கொடுத்து அனுப்புகிறோம். உட்கொள்ள வேண்டிய மாத்திரைகள், தவிர்க்க வேண்டிய உணவுகள், தையல் பிரிக்கும் நாள், மறுபரிசோதனைக்கு வரவேண்டிய தேதி ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. அவர் எத்தகைய கூரையின் கீழே போய்ப் படுக்கப் போகிறார் என்னும் கேள்வி மட்டும் அதில் இல்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் வீடு திரும்புவோரிடமேனும் அதைக் கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. 'மழை பெய்தால் உங்கள் படுக்கை நனையுமா?' என்று கேட்டால் போதும்.

'கூரையைப் பற்றிக் கேட்பது மருத்துவமனையின் வேலையா?' என்று வினவுவோர் எங்களிடையேயும் உண்டு. நீரிழிவு உள்ளவரிடம் அவர் அணியும் செருப்பைப் பற்றிக் கேட்கிறோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்றவரிடம் வீட்டுக் கழிப்பறையின் அமைப்பைக் கேட்கிறோம். மூச்சிரைப்பு உள்ள குழந்தையின் பெற்றோரிடம் வீட்டில் புகைப்பவர் உண்டா, விறகடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கிறோம். இவற்றை எவரும் அத்துமீறலாகக் கருதுவதில்லை. கூரையைப் பற்றிய பேச்சு மட்டும் எழாமற் போவதற்குக் காரணம், என் நோக்கில், இரு தரப்பிலும் உள்ள கூச்சமே. கேட்டால் வறுமையைச் சுட்டியதாகிவிடுமோ என்று நாங்கள் தயங்குகிறோம். சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று நீங்கள் தயங்குகிறீர்கள். ஒழுக்கு ஓலைக் குடிசைக்கு மட்டும் உரியதன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு கட்டிய மாடி வீடும் ஒழுகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளமும் ஒழுகும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 சென்டிமீட்டரையும் கண்ட பிறகு, 'இத்தகைய மழைக்கு நாம் என்ன செய்துவிட முடியும்' என்று சோர்ந்து பேசுவோர் பலர். அவை பேரிடர்கள், அவற்றைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசியில் தவறாமல் வரும் அடைமழையைப் பற்றியே எழுதுகிறேன். நம் நோயாளிகளில் பெரும்பாலோரின் படுக்கையை நனைப்பது அதுதான். அதற்கு நாம் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகின்ற நீர் ஏறத்தாழ 9,300 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி சுமந்து வரும் அளவு அது. எடையில் ஒன்பது டன்னுக்கு மேல். இவ்வளவு நீரும் இரண்டு அல்லது மூன்று குழாய்களின் வாய் வழியாக இறங்கியாக வேண்டும். ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும், காற்றில் பறந்து வந்த ஒரு பால் பாக்கெட் உறையும் அந்த வாயை அடைத்துவிடப் போதுமானவை. அடைத்தால் கைப்பிடிச் சுவருக்குள் மாடி ஒரு குளமாகிறது. தேங்கிய நீர் தளத்திலுள்ள ஒவ்வொரு விரிசலையும் தேடிக் கண்டுபிடிக்கிறது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் அறைக்குள் சொட்டுவது இதனால்தான். பல ஆண்டுகள் இவ்வாறு ஊறிய தளத்தின் உள்ளே கம்பி துருவேறி உப்புகிறது. உப்பிய கம்பி காரையைக் கீழே தள்ளுகிறது. எழுந்து நகர இயலாதவரின் கட்டிலுக்கு நேர் மேலே அந்தக் காரை இருக்கிறதா என்பதை இன்று மாலையே அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். கூரையின் உட்புறம் பழுப்பு வளையங்களாகக் கறை படிந்திருந்தாலோ, தட்டிப் பார்க்கும்போது பொள்ளென்று ஒலித்தாலோ, பழுதுபார்க்கும் வரை கட்டிலை வேறிடத்துக்கு மாற்றுவதே முதல் வேலை.

மாடிக்குப் போய்ப் பார்ப்பவர் முதலில் வடிகுழாயின் வாயைப் பார்க்க வேண்டும். ஏனைய எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சருகை வாரிய பின் இரண்டு குடம் நீரை ஊற்றினால், தளத்தில் வாட்டம் சரியாக உள்ளதா, நீர் எங்கே தங்குகிறது என்பது தெரிந்துவிடும். குழாயின் கீழ் முனையில் நீர் தாராளமாக வெளிவருகிறதா என்பதையும் ஒருவர் கீழே நின்று கவனிக்க வேண்டும். பாதி வழியில் அணில் கூடு கட்டியிருப்பது அரிதன்று. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின்னர் பல வீடுகளில் வடிகுழாய்களைத் தொட்டியோடு இணைத்தார்கள். அன்றைக்கு இணைத்ததோடு சரி, அதன் வடிகட்டித் தொட்டியை இன்றுவரை திறந்தே பாராத வீடுகள் ஏராளம். மணலும் சகதியும் இறுகிய தொட்டி, அடைப்பட்ட குழாய்க்கு நிகரானது.

கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் பறவைகள் இட்ட எச்சத்தில் வளர்ந்தவை. பார்வைக்கு இளந்தளிராக இருந்தாலும் சுவரைப் பிளக்கும் வல்லமை அவற்றின் வேருக்கு உண்டு. மேலாக ஒடித்துவிட்டால் மீண்டும் தழைக்கும். கொத்தனாரைக் கொண்டு வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பூசிவிட வேண்டும். பூச்சு ஈரத்தில் நின்று இறுக ஒரு வாரமேனும் நீர் விட வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கும் வேதிப்பூச்சுகளுக்கோ தளம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்ற வெயில் புரட்டாசியோடு முடிந்துவிடுகிறது. தீபாவளி நெருங்கிவிட்டால் கொத்தனாரும் வெள்ளையடிப்பவரும் எளிதில் கிடைக்கமாட்டார்கள். விரிசலை அடைக்காமல், வாட்டத்தைச் சரிசெய்யாமல், விளம்பரத்தில் கண்ட பூச்சை மட்டும் வாங்கி அடித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்புவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதை ஒத்தது.

ஓட்டு வீடுகளின் செய்தி வேறு. ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, மீண்டும் அடுக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் முன்பு இருந்தது. அந்த வேலை தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டனர். தென்னை மட்டை விழுந்தும், குரங்கும் பூனையும் ஓடியும் நகர்ந்த ஓடுகள் அப்படியே கிடக்கின்றன. வெயில் நேரத்தில் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால், ஒளி நுழையும் புள்ளிகள் அனைத்தும் நீர் நுழையும் புள்ளிகளே. இரண்டு சரிவுகள் கூடும் இடத்தில் பதித்த தகரமும், இறவாரத்தின் ஓரமாக நீரை ஏந்திச் செல்லும் தகரக் கால்வாயும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கின்றனவா, சருகால் நிறைந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கல்நார் சிமென்ட் தகடு வேய்ந்த வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய தகடு மனிதரின் எடையைத் தாங்காது; காலை வைத்தவுடன் உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும். மேலும், அதைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் சுரண்டும்போதும் பறக்கும் நார்த்துகள் நுரையீரலுக்குள் சென்று தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் நுரையீரல் இறுக்கத்தையும் உண்டாக்கவல்லது. உடைந்த தகட்டை முழுதாக, நனைத்த நிலையில் கழற்றி மாற்றுவதே தக்கது. அன்றைக்கு நோயாளி அந்த வீட்டில் இருக்கலாகாது.

இவ்வளவும் கட்டடத்தைப் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். நோயோடு இதற்குள்ள தொடர்பு பூஞ்சையில் தொடங்குகிறது. நனைந்த சுவரிலும் மெத்தையிலும் மரப்பலகையிலும் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். வீட்டின் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனியாகவே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவை ஈரமான வீடுகளில் மிகுதி என்பதே அதன் சாரம். இந்தியாவின் 27 மருத்துவ மையங்களில் 1,084 பேரைப் பதிவு செய்து 2017-இல் வெளியான ஆய்வில், நுரையீரலின் இடைத்திசுக்கள் பாதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் நோய், மூச்சோடு உட்புகும் ஒவ்வாப் பொருள்களால் வரும் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அத்தகைய பொருள்களில் பூஞ்சையும் புறா எச்சமும் அடங்கும். புறாக்கள் அடையும் மொட்டைமாடியை உலர்ந்த நிலையில் பெருக்குவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, நோயற்ற ஒருவரே அதைச் செய்ய வேண்டும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை நுரையீரலையே அரிக்கக்கூடியது. மற்றவர்கள் மூச்சோடு இழுத்து ஒன்றுமில்லாமல் கடந்துவிடும் அதே துகள்தான் அது. ஆதலால் அவர்கள் பூஞ்சை படர்ந்த சுவரைத் தாமே தேய்க்கக் கூடாது. தேய்க்கும் நேரத்தில் அந்த அறையில் இருக்கவும் கூடாது. கறுத்த சுவரின் மீது நேரடியாகச் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்து மறைப்பதும் பயனற்றது. சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, ஒழுக்கை நிறுத்திய பிறகே பூச வேண்டும். வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: பையை மாற்றும் அறையின் கூரை சொட்டுகிறது என்றால், அந்த அறை அந்த வேலைக்கு உரியதன்று. வீட்டிலேயே மிக உலர்ந்த மூலை எதுவோ, அது பூசை அறையாக இருந்தாலும், அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

டெங்குவைப் பற்றி அனைவரும் அறிவர். ஆனால் வாளியையும் பூந்தொட்டியையும் கவிழ்ப்பவர்கள், தலைக்கு மேலே இருக்கும் சன்ஷேடை மறந்துவிடுகிறார்கள். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு தளத்திலும், சருகு நிறைந்த தகரக் கால்வாயிலும், மூடி விலகிய மேல்நிலைத் தொட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரே ஏடிஸ் கொசுவுக்கு உகந்தது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகின்றன. நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கொட்டுவதோடு நில்லாமல் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவருக்கும், மருந்தேற்றத்தால் இரத்தத் தட்டுகள் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கும் டெங்கு வருவது இரட்டை ஆபத்து.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். மேலே சொன்ன வேலைகளையெல்லாம் யார் செய்வது? மழைக்காலத்தில் விபத்துப் பிரிவில் பணியாற்றும் எவரையும் கேட்டுப் பாருங்கள். முதல் இடி இடித்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் விழுந்து, கால் முறிந்தோ தலையில் அடிபட்டோ வருபவர்களைப் பற்றிச் சொல்வார்கள். அவர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். 'நாற்பது வருஷமா நான்தான் ஏறுறேன்' என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல். அதில் வீம்பு மட்டும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கூலிக்கு ஆள் தேடினால் செலவு. நோயில் விழுந்த பின் வீட்டுக்குத் தம்மால் ஒன்றும் ஆகவில்லையே என்னும் ஆற்றாமை வேறு. இத்தனையும் சேர்ந்து அவரை ஏணியில் ஏற்றுகின்றன. அவரைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஏறவிடுவதிலும் உடன்பாடில்லை.

வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகளை உண்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் சிறிதாக இருந்தாலும் உள்ளே இரத்தம் கசியக்கூடும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவருக்குக் குனிந்து நிமிரும்போது கண் இருளும். கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிக்கு ஏணிப்படி காலில் சரியாகப் பதிந்ததா என்பதே தெரியாது. கண்புரை அறுவை செய்துகொண்டவர், இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், வலிப்பு உள்ளவர், மூட்டு மாற்றிக்கொண்டவர் என இவர்களில் எவரும் ஏணியைத் தொட வேண்டாம். பராமரிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்துக்கொண்ட மனைவியோ மகளோ, மறுநாள் மழைக்கு நடுவே பாசி படிந்த மாடியில் துடைப்பத்தோடு நிற்பது துணிவாகாது. அவர் விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

கூலிக்கு வருபவரும் ஒரு குடும்பத்தை நம்பி இருக்கச் செய்தவரே என்பதையும் மறக்கலாகாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது அவரை ஏற்றாதீர்கள். மாடியை ஒட்டி மின்கம்பி சென்றால் இரும்பு ஏணியையும் நீண்ட கம்பியையும் அங்கே கொண்டுபோகவிடாதீர்கள். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தகட்டுக் கூரையில் பலகை போட்டே நடக்கட்டும். புரட்டாசியில், காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில் செய்தால் இது அரைநாள் வேலை. ஐப்பசியில் அதே வேலை உயிரைப் பணயம் வைப்பதாகிவிடுகிறது.

கொத்தும் தூசியும் வேதிப்பூச்சின் வாடையும் மூச்சிரைப்பு உள்ளவரைப் படுத்தும். அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. இயலாவிடில் இரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்கச் செய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்போர், 'வீட்டுக்காரர் கவனிக்கமாட்டேன் என்கிறார்' என்று சொல்வது எனக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டையிடுவதைவிட, நோயாளியின் நிலையை விளக்கும் ஒரு கடிதத்தை மருத்துவரிடம் பெற்றுக் காட்டுவது பல இடங்களில் விரைவாகப் பலன் தரும் என்றே நினைக்கிறேன். அத்தகைய கடிதத்தை நாங்கள் தரத் தயங்கக் கூடாது.

இதைப் படிப்பதற்குள் மழை தொடங்கிவிட்டிருந்தால், பழுதைப் பற்றிய கவலையை ஒத்திவையுங்கள். கட்டிலை ஒழுக்கிலிருந்து விலக்குங்கள். ஒழுகும் சுவரிலுள்ள சுவிட்சைத் தொடாமல், அந்த அறைக்குரிய மின்சாரத்தை மெயின் பெட்டியில் நிறுத்துங்கள். ஆக்சிஜன் கருவியும் காற்று மெத்தையும் உலர்ந்த சுவரிலுள்ள பிளக்கிலிருந்து இயங்கட்டும். பிளக் பலகையைத் தரையில் கிடத்தாதீர்கள். சொட்டும் இடத்தில் வாளியை வைத்து, நடக்கும் வழியில் சிந்தும் நீரை உடனுக்குடன் துடைத்துவிடுங்கள். ஈரமான மொசைக் தரையில் முதியவர் வழுக்கி விழுவதும் மாடியிலிருந்து விழுவதைப் போலவே இடுப்பை முறிக்கும். நனைந்த விரிப்பை இரவோடு இரவாகவேனும் மாற்றுங்கள். ஈரத்தில் ஊறிய தோலில் படுக்கைப்புண் எளிதில் வரும். மருந்துகளையும், பழைய அறிக்கைகள் அடங்கிய கோப்பையும் ஒரு நெகிழிப் பையில் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள்.

மறுபரிசோதனைக்கு வரும்போது வீடு ஒழுகுவதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கட்டிலை எங்கே போடுவது, எந்த வேலையை முதலில் செய்விப்பது, யாரை ஏறவிடக் கூடாது, கடிதம் யாரிடம் பெறுவது என்று மருத்துவச் சமூகப் பணியாளரோடு அமர்ந்து பேச பத்து நிமிடம் போதும்.